காண்டனீஸில் எண்ணும் விலையும்: நான் சொல்றது ஒண்ணு, அங்கே கேக்குறது ஒண்ணு

நண்டுப்பெட்டி (காசிமேடு):

எல்லாருக்கும் வணக்கம். ஹாங்காங்குக்குப் போற உயிர் நண்டு, சிங்கி இறால் ஆர்டர்களை வாட்ஸ்அப் வாய்ஸ்ல உறுதி பண்ணணும். எதிர்ப்பக்கம் காண்டனீஸ்தான். முழு மொழியும் வேண்டாம். எண், எடை, விலை, வாங்குறது, விக்கிறது, உயிரோட இருக்கா செத்துடுச்சா, இவ்வளவு தெளிவா வாயில வந்தாப் போதும். வீடியோ பார்த்து, நோட்டுல தமிழ்லயே எழுதி வெச்சு மனப்பாடம் பண்ணியாச்சு. ஆனா,

நாலு பெட்டின்னு சொன்னா செத்துப்போச்சான்னு பதறுறாங்க. எட்டுக்கும் நூறுக்கும் குழப்பம். வாங்குறதுக்கும் விக்கிறதுக்கும் குழப்பம். இதுல ஒரு வேடிக்கை, நேராச் சொல்லும்போது பாதி தடவை சரியாப் போகுது. "நாலா?", "விக்கிறீங்களா?"ன்னு திருப்பிக் கேட்டு உறுதி பண்ணும்போதுதான் மொத்தமா கவுந்துடுது. புத்தகத்துல பஸ்ஸுக்கு வர்ற பி-யும் பென்னுக்கு வர்ற பி-யும் வேற வேறயா இருக்கு. காதுக்கு ரெண்டும் நம்ம ப மாதிரியே கேக்குது. எங்கேயிருந்து திருத்த ஆரம்பிக்கணும்?

கல்மண்டபம்:

தம்பி, நல்ல செய்தி முதல்ல. இந்த மொழியோட ஒலிகள்ல முக்கால்வாசி நம்ம வாயில ஏற்கெனவே இருக்கு. கெடுக்கிறது ரெண்டு. ஒண்ணு அந்த ஆங்கில எழுத்து. இன்னொண்ணு, தமிழ் எழுத்தை நாம படிக்கிற பழக்கம்.

ஆங்கில எழுத்தை எடுத்துக்குவோம். நீ பார்க்கிறது பெரும்பாலும் யூத்பிங்கா இருக்கும், 1993-இல் ஹாங்காங் மொழியியல் சங்கம் கொண்டுவந்த முறை. (அந்தப் பேரோட முதல் எழுத்தே ஆங்கில ஜே. ஆனா ஒலி ய. ஜே-யைப் பார்த்தா ய-ன்னு படிக்கணும், எப்பவும்.) காண்டனீஸ்ல தொண்டை அதிர்ற வல்லினமே கிடையாது. பஸ்ஸுக்கு வர்ற பி, டிரைவருக்கு வர்ற டி, ஜி: இந்த மூணும் அங்கே பல், தலை, கல் என்ற சொற்களோட முதல் ஒலிதான். சுத்தமான தமிழ் வல்லினம். பென்னுக்கு வர்ற பி, டிக்கெட்டுக்கு வர்ற டி, கே: இதெல்லாம் அதே ஒலி, கூடவே ஒரு மூச்சு வெளியே அடிக்கும். நம்மகிட்ட இல்லாதது அந்த மூச்சு மட்டும்தான். நாம என்ன பண்றோம்? முதல் வகையை "பஸ்" மாதிரி அதிர வைக்கிறோம், ரெண்டாவது வகையை மூச்சே இல்லாம "பல்" மாதிரி சொல்றோம். விளைவு, நம்ம ரெண்டாவது வகை அவங்க காதுல முதல் வகையா விழுது.

சோதனை ரொம்ப சுலபம். ஒரு பஸ் டிக்கெட்டை உதட்டுக்கு முன்னால நாலு விரல் தூரத்துல தொங்க விடு. "பா"ன்னு சொன்னா டிக்கெட் அசையக்கூடாது. "ப்ஹா"ன்னு சொன்னா படபடன்னு ஆடணும். மூச்சு உயிரெழுத்துக்கு முன்னாடியே வந்துடணும். "பஹா"ன்னு ரெண்டு அசையாப் பிரிச்சா தப்பு. அப்படியே த, த்ஹ, க, க்ஹ. சௌகார்பேட்டைக் கடைகள்ல இந்தி பேசுறவங்க "தாலி"ன்னு சாப்பாட்டுத் தட்டைச் சொல்வாங்களே, அந்த முதல் ஒலியைக் காது கொடுத்துக் கேளு. அது அப்படியே உனக்கு வேண்டிய த்ஹ.

கவனி, நான் ட போடல, த போட்டேன். ட நாக்கை மடிச்சுச் சொல்றது. காண்டனீஸ்ல நாக்கு மடியவே மடியாது, பல்லுக்குப் பக்கத்துலதான் நிக்கும். ஆங்கில டி-யைப் பார்த்ததும் கை தானா ட எழுதும். நோட்டுல இருக்கிற ட எல்லாத்தையும் அடிச்சுட்டுத் த எழுது.

அடுத்து தமிழ் எழுத்து. இதுதான் பெரிய வில்லன். மெல்லினத்துக்குப் பின்னால வர்ற வல்லினத்தை நாம தானா அதிர வைப்போம்: தங்கம், பந்து, பம்பரம். "ஹாங்காங்"னு எழுதினா தங்கம் மாதிரிதான் படிப்போம். காண்டனீஸ்ல அந்த ஊர்ப் பேர் "ஹெ°ங்1 | கோங்2". நடுவுல இருக்கிறது கல்லோட க. ரெண்டு உயிருக்கு நடுவுல வந்தாலும் இதே கதை. "அது"ல இருக்கிற த நெகிழ்ந்து போகுது பாரு. "எவ்வளவு பணம்" என்பது "கெய்2 | தோ1 | த்ஸ்ஹீன்2". நடுவுல இருக்கிற தோ, "தோசை"யோட தோ. அதனால நோட்டுல ஒவ்வொரு அசைக்கும் நடுவுல கோடு போடு. ஒவ்வொரு அசையும் புது வார்த்தை ஆரம்பிக்கிற மாதிரி. (° போட்டிருந்தா உதட்டைக் குவிச்சுச் சொல்லணும்னு அர்த்தம், கீழே சொல்றேன். அசைக்குப் பின்னால வர்ற எண் தொனியோட எண், அதாவது குரல் எப்படி ஏறணும் இறங்கணும்ங்கிறது.)

இனி எட்டும் நூறும். எட்டு "பாத்3", நூறு "பாக்3". ரெண்டுலயும் கடைசி மெய்யை நாக்கால அடைச்சுப் பிடிக்கணும், விடவே கூடாது. வெடிப்பு கிடையாது. நாம பஸ்ஸு, பேக்குன்னு ஒரு உகரத்தை ஒட்டுவோமே, அது இங்கே கொலைக்குற்றம். "பாத்து"ன்னு சொன்னா அவங்களுக்கு ரெண்டு அசை கேக்கும், ரெண்டாவது என்னன்னு தேடிட்டு இருப்பாங்க. இதுக்குத் தமிழ்லயே வழி இருக்கு. "பாத்திரம்"னு சொல்ல ஆரம்பி, நாக்கு பல்லைத் தொட்டதும் நிறுத்து. பாத்–. அங்கேயே உறைஞ்சு நில்லு. அதுதான் எட்டு. "பாக்கு"ன்னு ஆரம்பி, பாக்–, நாக்கோட பின்பக்கம் மேலே ஒட்டினதும் நிறுத்து. அது நூறு. "சப்பாத்தி"யில சப்–, உதடு மூடினதும் நிறுத்து. அது பத்து, "ஸப்6". இரட்டிக்கும் வல்லினத்தோட முதல் பாதியை நாம தினமும் சொல்றோம், தனியா நிறுத்திப் பழகல, அவ்வளவுதான்.

மூக்கொலியிலும் ஒரு பள்ளம் இருக்கு. பேச்சுத் தமிழ்ல நான், மரம், வந்தான் எல்லாத்துலயும் கடைசி மெய்யை முழுங்கி மூக்கால முடிச்சுடுவோம். அங்கே அது ஓடாது. மூணு "ஸாம்1", மலை "ஸான்1", உயிரோட இருக்கிறது "ஸாங்1". உன் தொழிலுக்கு மலை வேண்டாம், ஆனா மூணையும் உயிரையும் பிரிச்சே ஆகணும். ம்-க்கு உதடு மூடணும், ன்-க்கு நுனி நாக்கு ஒட்டணும், ங்-க்கு வாய் திறந்தே இருக்கணும். ங்-க்குப் பின்னால "கு" ஒட்டாதே. "ஸாங்கு" இல்லை.

குறில் நெடில் நமக்குக் கைவந்தது. கோழி "கை1", தெரு "காய்1". நம்ம கையும் காயும் எப்படி வேறயோ அப்படி. சின்னது "ஸை3", வெயில்ல காயவைக்கிறது "ஸாய்3". இந்த நுணுக்கத்துல வெள்ளைக்காரங்க மாசக்கணக்குல திணறுவாங்க, நமக்கு அது அரிச்சுவடி. ஒண்ணு மட்டும் கவனம்: இ, உ குறிலுக்குப் பின்னால க் அல்லது ங் வந்தா உயிர் கொஞ்சம் தளர்ந்துடும். ஆறு "லுக்6"னு எழுதியிருக்கும், காதுல "லொக்" மாதிரி கேக்கும். பூஜ்யம் "லிங்4", காதுல "லெங்" பக்கம் சாயும். காது சொல்றதை நம்பு.

உதடு குவியும் ஒலிகள்: "ஈ"ன்னு நீட்டு, நாக்கை அசைக்காம உதட்டை மட்டும் "ஊ"வுக்குக் குவி. வர்றது ஈ°. மீன் "யீ°4". குவிக்காம விட்டா "யீ" ஆயிடும், அது ரெண்டோட ஒலி. அதே மாதிரி "ஏ"ன்னு சொல்லி உதட்டைக் குவிச்சா எ°. பெட்டி "ஸெ°ங்1". கண்ணாடி முன்னால நின்னு பண்ணு. நாக்கும் பின்னால நகருதுன்னா "ஸோங்" ஆயிடும், அது தப்பு.

தொனியை வேற யாராவது எழுதுங்க. என் கருத்து, இறுதி மெய் சரியாகாம தொனிக்குப் போறது வீண்.

மண்ணடி 786:

கல்மண்டபம் அண்ணன் எழுதினது எல்லாம் கரெக்ட்டு, கடைசி வரியைத் தவிர. மெய் கொஞ்சம் தேஞ்சாலும் இடம் பார்த்துப் புரிஞ்சுக்குவாங்க. தொனி தப்பினா வேற வார்த்தை. ரெண்டையும் சேர்த்தே பழகணும். அதுக்கு எண்களை விட நல்ல பாடம் கிடையாது.

இந்த நம்பரை மனப்பாடம் பண்ணு தம்பி: 394052. காண்டனீஸ்ல இருக்கிற ஆறு தொனியும் வரிசையா இதுல இருக்கு.

மூணு ஸாம்1, ஒன்பது கௌ2, நாலு ஸெய்3, பூஜ்யம் லிங்4, அஞ்சு ங்5, ரெண்டு யீ6.

சாவ் யுவென் ரென் என்ற மொழியியலாளர் 1930-இல் ஒரு அளவுகோல் போட்டார்: உன் குரலோட அடித்தளம் 1, உச்சம் 5. அந்தக் கணக்குல முதல் தொனி 55, உச்சத்துல நேராப் போகும். ரெண்டாவது 25, கீழேயிருந்து உச்சம் வரைக்கும் ஏறும், காது கேக்காதப்போ "ஆங்?"னு கேப்போமே, அந்த ஏற்றம். மூணாவது 33, நடுவுல நேர். நாலாவது 21, அடிமட்டத்துக்கு விழும்; அலுத்துப்போய் "ஹூம்"னு மூச்சு விடுறோமே, குரல் கரகரக்கும் வரை விட்டுடு. அஞ்சாவது 23, கீழேயிருந்து கொஞ்சமா ஏறி நடுவுலயே நின்னுடும். ஆறாவது 22, மூணாவதுக்கு ஒரு படி கீழே நேர்.

சுருதி யாருக்கும் பொதுவானது இல்ல. உன் குரலுக்குள்ள மேலே கீழே, அவ்வளவுதான். அதனால முதல்ல 3-0-ன்னு சொல்லு: ஸாம்1, லிங்4. அது உன் கூரையும் தரையும். மத்ததெல்லாம் அதுக்கு நடுவுல.

எல்லாரும் சறுக்குற இடம் 3, 6, 4 தொனிகள். மூணும் இறங்கு படி. அதுக்குப் பயிற்சி 420. ஸெய்3, யீ6, லிங்4. நானூத்தி இருபதே தான். (சட்டத்துல இப்போ அந்தப் பிரிவு 318 ஆயிடுச்சு, 2024 ஜூலையிலருந்து. நம்ம வாயில இன்னும் 420தான்.) படிக்கட்டுல இறங்குற மாதிரி ஒவ்வொண்ணும் முன்னதை விடக் கீழே இருக்கணும். முதல் ரெண்டும் தட்டையா நிக்கணும், மூணாவது மட்டும் விழணும். முதல்ல வாயை மூடிட்டு முணுமுணு, சுருதி மட்டும் வரட்டும். அப்புறம் சொல்லைப் போடு.

இனி உன் நாலு பெட்டி விவகாரம். நாலு "ஸெய்3". சாவு "ஸெய்2". மெய்யும் உயிரும் அப்படியே ஒண்ணு, ஏற்றம் மட்டும் வித்தியாசம். அங்கே நாலுங்கிற எண்ணையே பலபேர் ஒதுக்குறது இதனாலதான். நீ நேரா "ஸெய்3 ஸெ°ங்1"னு சொன்னா நாலு பெட்டி. "நாலா?"ன்னு நம்ம ஊர் வழக்கப்படி கடைசியை இழுத்து உசத்தினா 33 போய் 25 ஆயிடுது. நீ கேக்குறது "நாலா?" இல்ல, "செத்தா?". பதறாம என்ன பண்ணுவாங்க?

விக்கிறது "மாய்6", வாங்குறது "மாய்5". ஆறாவது தொனியைக் கேள்வி ராகத்துல உசத்தினா அஞ்சாவது பக்கம் போயிடும். "விக்கிறீங்களா?"ன்னு நீ கேட்டது "வாங்குறீங்களா?"ன்னு போய்ச் சேருது. நீ எழுதியிருக்கிற குறையில பாதிக்கு மேல இந்த ஒரே காரணம்தான்.

அப்போ கேள்வி எப்படிக் கேக்குறது? அவங்க ஒரு சின்னச் சொல்லை ஒட்டுவாங்க. அதுல ஒண்ணு "ஆ4". நம்ம "நாலா", "வந்தானா"வுல வர்ற அதே ஆ மாதிரி! உறவு ஒண்ணும் இல்ல, தற்செயல்தான். ஆனா நமக்கு லாபம். ஒரே நிபந்தனை, நம்ம ஆ மேலே போகும், அவங்க ஆ4 கீழே விழும். "ஸெய்3 ஸெ°ங்1 ஆ4". நாலு அதன் இடத்துல தட்டையா நிக்கணும், ஆ மட்டும் பொத்துன்னு விழணும். இன்னொரு வழி "ஹை6 மை6", ஆமாவா இல்லையான்னு அர்த்தம். வாக்கியத்துக்கு முன்னால போட்டுட்டா ராகமே தேவையில்ல. புதுசாப் பழகுறவங்களுக்கு இதுதான் பத்திரம்.

இப்போ மீதி. சில புத்தகத்துல ஆறு தொனி, சிலதுல ஒன்பது. குழம்பாதே. ப், த், க்-ல முடியுற அசைகளைப் பழைய கணக்குல தனியா மூணா எண்ணினாங்க. சுருதி என்னவோ அதே 1, 3, 6 தான், அசை வெட்டுப்பட்டு நிக்கிறதால குட்டையாக் கேக்கும். அந்த மூணுக்கும் எண்லயே உதாரணம்: ஏழு "த்ஸ்ஹத்1", எட்டு "பாத்3", ஆறு "லுக்6". 7-8-6. ஆக மொத்தம் 394052786. மண்ணடியில பாதி ஆட்டோக் கண்ணாடியில எழுதியிருக்கிற நம்பரை மறக்கவா போறே?

இதுல ஒரு அழகு இருக்கு. ப், த், க்-ல முடியுற அசை மேல் வரிசையில (1, 3 தொனியில) வந்தா, பெரும்பாலும் குறிலுக்கு முதல் தொனி, நெடிலுக்கு மூணாவது. ஒண்ணு "யத்1", ஏழு "த்ஸ்ஹத்1": ரெண்டும் குறில். எட்டு "பாத்3", நூறு "பாக்3": ரெண்டும் நெடில். விதிவிலக்கு உண்டு, ஆனா எண்ணுக்கு இது போதும்.

கடைசியா எச்சரிக்கை. ஒன்பதை உச்சத்துல தட்டையாச் சொன்னா அசிங்கமான கெட்ட வார்த்தை. ஏழைக் கீழே இறக்கி ஆறாவது தொனியில சொன்னாலும் அதே கதி. போன் நம்பர் ஒப்பிக்கும்போது சிரிச்சாங்கன்னா இதைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

நண்டுப்பெட்டி (காசிமேடு):

பாய், அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. "நாலா?" மேட்டர் இப்போதான் புரியுது. இன்னும் மூணு சந்தேகம். நான் சொல்றது சரியான்னு பார்க்க இங்கே ஆள் இல்ல, என்ன பண்றது? ஒரே வார்த்தையை ஒருத்தர் "நெய்"ங்கிறார், இன்னொருத்தர் "லெய்"ங்கிறார், எது சரி? எடை சொல்லும்போது "கன்"னு ஒண்ணு வருது, கிலோன்னு எடுத்துக்கலாமா?

பெரம்பூர் லோகோ:

கன்-ல இருந்து ஆரம்பிக்கிறேன், காசு போற இடம் அது. "கன்1" கிலோ இல்லை. அது "காட்டி"ங்கிற எடை அளவு, ஹாங்காங் சட்டப்படி 604.78982 கிராம். கிலோவுக்கு "குங்1 கன்1". முன்னால குங் இருக்கா இல்லையான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டு உறுதிபண்ணு. ஒரு காட்டி விலையைக் கிலோ விலைன்னு ஒத்துக்கிட்டா, ஒவ்வொரு கிலோவுக்கும் 395 கிராம் சும்மா போகுது.

விலை வேகமா வரும்போது இன்னொரு பொறி. இருபது புத்தகத்துல "யீ6 ஸப்6". பேச்சுல அது "யா6"ன்னு சுருங்கிடும். இருபத்தொண்ணு "யா6 யத்1". முப்பதுகள் "ஸா1 ஆ6": முப்பத்தஞ்சு "ஸா1 ஆ6 ங்5". நாப்பதுகள் "ஸெய்3 ஆ6". அதாவது ஸப்6 தேய்ஞ்சு ஆ6 ஆகுது. இந்த ஆ6 தட்டை. மேலே பாய் சொன்ன கேள்வி ஆ4 விழும். விலைக்கு நடுவுல வந்தா பத்து, கடைசியில விழுந்தா கேள்வி. அப்புறம், எண்ணா ஒப்பிக்கும்போது ரெண்டு "யீ6", பொருளை எண்ணும்போது "லெ°ங்5". ரெண்டு பெட்டி "லெ°ங்5 ஸெ°ங்1".

நெய்யா லெய்யா: ரெண்டும் ஒரே சொல், "நீ, நீங்கள்". அகராதியில நெய்5. இப்போ ஹாங்காங்ல பெரும்பாலானவங்க வாயில லெய்5. முதல்ல வர்ற ந எல்லாம் ல ஆகிட்டு வருது. இதை அங்கே "சோம்பல் ஒலி"ன்னு சொல்லி வாத்தியார்கள் திட்டுவாங்க, ஜனங்க கண்டுக்கிறதில்ல. நம்ம வாழைப்பழம் வாயப்பயமா ஆகுற சமாச்சாரம் மாதிரின்னு வெச்சுக்கோ. காது ரெண்டையும் ஏத்துக்கணும். வாய்க்கு எது வசதியோ அது. இதே வரிசையில இன்னும் சிலது: "நான்" அகராதியில ஙோ5, தெருவுல ஓ5. அஞ்சு ங்5, பலர் வாயில ம்5. இறுதி ங் சிலர்கிட்ட ன் ஆகும், இறுதி க் த் ஆகும். கடைசியா சொன்னது உனக்கு ஆபத்து. சில இளவட்டங்க நூறையே எட்டு மாதிரி சொல்லுவாங்க. அங்கே உன் வாய் எவ்வளவு சுத்தமா இருந்தும் பிரயோஜனம் இல்ல, தொகையை எழுத்துல வாங்கு.

ஙோ5 சொல்ல வராதவங்களுக்கு: மனுவோட அடியில "இங்ஙனம்"னு எழுதுறோமே, அதை எழுத்துப்படி சொல்லு. இங்–ஙனம். முன்னால இருக்கிற இங்-கை வெட்டிட்டு ஙனம்-ல ஆரம்பிச்சா உனக்கு ங முதல் எழுத்தா வந்துடும். ("இங்கனம்"னு படிக்கிறவங்களுக்கு இது உதவாது.)

சரிபார்க்க ஆள் இல்லைன்னா பிராட்னு ஒரு இலவச மென்பொருள், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துல எழுதினது. கம்ப்யூட்டர்ல போட்டுட்டு, உன் குரலைப் பதிவு பண்ணி, சுருதிக் கோட்டைப் போடச் சொல்லு. ஆண் குரலுக்குக் கீழ் எல்லை 75 ஹெர்ட்ஸ், மேல் எல்லை 300. பெண் குரலுக்கு 100, 500. எல்லை தப்பா வெச்சா கோடு திடீர்னு ரெட்டிப்பாத் தாவும், அதைப் பார்த்து பயப்படாதே. ஒரே மூச்சுல 394052 சொல்லு. ஸாம், ஸெய், யீ மூணும் மூணு மட்டத்துல தட்டைக் கோடா விழணும். கௌ செங்குத்தா ஏறணும். லிங் கீழே போய்க் கோடே அறுந்துபோனா அது நல்லது, கரகரப்பு வந்துடுச்சுன்னு அர்த்தம். பக்கத்துலயே ஒரு ஹாங்காங்காரர் குரலை வெச்சு வடிவத்தை மட்டும் ஒப்பிடு, ஹெர்ட்ஸ் எண்ணை ஒப்பிடாதே.

நம்ம ஆளுங்க கோட்டுல எப்பவும் தெரியுற கோளாறு, வரிசையோட கடைசி எண்ணு தானா இறங்கும். முடிவுல குரலைத் தாழ்த்துறது நம்ம பழக்கம். கடைசியில யீ6 இருந்தா அது லிங் மாதிரி வளைஞ்சு விழும். வரிசையை மாத்தி மாத்திச் சொல்லிப் பார்த்தாதான் இது வெளிய வரும்.

வரைபடத்துல இருக்கிற ஊர்ப் பேரை உச்சரிப்புக்கு நம்பாதே. கௌலூன், க்வாய் சுங் ரெண்டும் ஆங்கிலத்துல கே-லதான் ஆரம்பிக்குது. முன்னது "கௌ2 லுங்4", மூச்சு இல்லை. பின்னது, அதான் கன்டெய்னர் முனையம் இருக்கிற இடம், "க்ஹ்வை4 த்ஸ்ஹுங்1", மூச்சு உண்டு. அரசாங்க எழுத்துமுறை மூச்சைக் காட்டாது, தொனியையும் காட்டாது.

கொருக்குப்பேட்டை தெலுங்கு:

அண்ணமாரே, த்ஸ-வை யாரும் விளக்கல. யூத்பிங்ல இசட் எழுதினா த்ஸ, சி எழுதினா த்ஸ்ஹ. தமிழ் "பச்சை"யோட ச்ச கிட்டே வரும், ஆனா நாக்கு இன்னும் முன்னால பல்லுக்குப் பின்னாடி நிக்கணும். வீட்டுல தெலுங்கு பேசுறவங்களுக்கு இது ஓசியில கிடைக்குது: "த்ஸாலா", அதாவது "ரொம்ப"ங்கிற சாலா, அதோட முதல் ஒலியேதான் த்ஸ. மூச்சைச் சேர்த்தா த்ஸ்ஹ. டீ "த்ஸ்ஹா4".

ஒரு குறுக்கு வழியும் வெச்சுக்கோங்க. எங்கே மூச்சு வரும், எங்கே வராதுன்னு தொனியே பாதி சொல்லிடும். வல்லினத்துல ஆரம்பிக்கிற அசை நாலாவது தொனின்னா மூச்சு உண்டு, ஆறாவது தொனின்னா மூச்சு இல்லை. தலை "த்ஹௌ4", பயறு "தௌ6". சர்க்கரை "த்ஹோங்4", பெருசு "தாய்6", பழசு "கௌ6". பழைய சீனத்துல அதிர்ந்த வல்லினங்கள் அதிர்வை இழந்தப்போ தொனியைக் கீழே தள்ளிட்டு, ஒரு தொனியில மூச்சோடவும் இன்னொண்ணுல மூச்சில்லாமலும் பிரிஞ்சுது, அதோட மிச்சம் இது. 1, 2, 3-ல ரெண்டும் வரும், அங்கே மனப்பாடம்தான். அதே கணக்குல ம, ந, ல, ங-வுல ஆரம்பிக்கிற சொற்கள் பெரும்பாலும் 4, 5, 6-லதான் வரும். வாங்குறதும் விக்கிறதும் ரெண்டுமே கீழ் வரிசையில மாட்டிக்கிட்டது அதனாலதான்.

மீனைப் பத்தியும் ஒரு வார்த்தை. மீன் யீ°4 தான், ஆனா சில கூட்டுச் சொற்கள்ல யீ°2 ஆயிடும். கருவாடு "ஹாம்4 யீ°2". தப்பாக் கேட்டுட்டோம்னு நினைக்காதீங்க, பேச்சு வழக்குல தொனி ரெண்டுக்குத் தாவுறது அங்கே சகஜம். நண்டு "ஹாய்5", செருப்பு "ஹாய்4". நண்டைச் சொல்லும்போது குரல் கொஞ்சமாவது ஏறி முடியணும். இறால் "ஹா1", உச்சத்துல.

நண்டுப்பெட்டி (காசிமேடு):

நோட்டுல ட எல்லாம் அடிச்சாச்சு, கோடும் போட்டாச்சு. ஹை6 மை6 முன்னால போட்டுக் கேட்டா இதுவரைக்கும் யாரும் பதறல. ஆனா நேத்து விலை பேச்சு நடுவுல ஒரு வாய்ஸ் வந்துது, திரும்பத் திரும்பக் கேட்டேன். ஏற்றம் தெளிவா இருக்கு, நாலு இல்ல, சாவுதான்: "ஸெய்2 ஹாய்5 யத்1 த்ஸெக்3". ஒரு நண்டு செத்துடுச்சுன்னு புகாரா? சரக்கு இன்னும் கிளம்பவே இல்லையே.

மண்ணடி 786:

காது தேறிடுச்சு தம்பி, நாலு சொல்லையும் சரியாப் பிடிச்சிருக்கே. ஆனா புகார் இல்ல அது. "செத்த நண்டு ஒண்ணு"ங்கிறது அங்கே ஒரு வழக்குச் சொல். நம்ம "அவ்ளோதான், கதை முடிஞ்சுது, இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல"ங்கிற மாதிரி. நீ சொன்ன விலையைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்காங்க. குறைச்சுப் பாரு.